நாலு கம்பியும் ஒரு பெட்டியும்

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தங்கச்சியின் மகன் வீட்டுக்கு வந்தான். தேநீர் ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு இரும்புப் பெட்டி. மேலே நாலு திருகுகள், ஒரு சின்ன விளக்கு, காலால் மிதிப்பதற்கு ஒரு தகடு.

"இத வாங்கினா சரிவருமா மாமா? நீங்க செல்லுங்க."

அவன் பேஸ் கிற்றார் வாசிப்பவன். தென்கரையோர ஹோட்டல்களில் வாரத்துக்கு மூன்று நாள், கல்யாணக் காலங்களில் நாலைந்து நாள் என்று அவனுடைய பிழைப்பு ஓடுகிறது. அவன் கையிலிருக்கும் கிற்றார் ஒரு காலத்தில் என்னுடையதாக இருந்தது. படத்தில் இருந்தது ஒக்டேவ் பெடல். நாம் வாசிக்கும் சுரத்தோடு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சுரத்தையும் சேர்த்து ஒலிக்கச் செய்கின்ற கருவி. கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இதை மாட்டிவிட்டு, வேண்டியபோது காலால் மிதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் விலையைக் கேட்கவில்லை. எதற்கென்றும் கேட்கவில்லை. "வேணாம்" என்றேன். அத்தோடு நிறுத்தாமல், "கையால ஏலாதத காலால செய்ய ஏலாது" என்று ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது நல்ல வசனமாகத்தான் பட்டது. அவன் மறுத்துப் பேசவில்லை. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

இரவு தங்கச்சி தொலைபேசியில் பேசினாள். "அவன் ஒங்கட்ட சல்லி கேக்க வரல்ல நானா. வழி கேக்கத்தான் வந்தான்."

அன்றிரவு எனக்கு நித்திரை பிடிக்கவில்லை. நான் சொன்ன அந்த "வேணாம்" அவனுடைய கேள்விக்குரிய பதில் அல்ல என்பது எனக்குத் தெரியும். 1989இல் நான் எனக்கே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. முப்பத்து நாலு வருடம் பிந்தி, ஆள் மாறிச் சொல்லியிருக்கிறேன்.

*

1986இல் கொழும்பில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒரு இசைக்குழுவில் சேர்ந்தேன். ஐந்து பேர். தலைவர் கீபோட் வாசிப்பவர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் நானா. கிற்றார் வாசிக்கத்தான் போனேன். அங்கே ஏற்கெனவே இரண்டு கிற்றார்காரர்கள் இருந்தார்கள், பேஸுக்குத்தான் ஆள் இல்லை. பேஸ் வாசிப்பவர்களில் பாதிப் பேருடைய கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும். வீட்டில் வாப்பாவுக்கு இது விளங்கவேயில்லை. "ஆறு கம்பிக்காரனுக்கும் நாலு கம்பிக்காரனுக்கும் ஒரே சம்பளமா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

பேஸின் வேலை வெளியே தெரிவதில்லை. பைலாவை எடுத்துக்கொண்டால், ஆறெட்டுத் தாளத்தில் ஆட்டக்காரர்களின் காலைத் தூக்கவும் வைக்கவும் செய்வது பேஸும் ட்ரம்ஸும்தான். ஆனால் ஆடுகிறவர்கள் பாடகனைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள். நான் அந்த வயதில் அதைத் தாங்கிக்கொள்ளத் தெரியாதவனாக இருந்தேன். அதைவிட, என் இடது கையில் ஒரு குறையும் இருந்தது. வேகமான இடங்களில் விரல் கம்பியை முழுமையாக அழுத்தாது. சுரம் பாதியில் செத்துப்போகும். மற்றவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது.

வணிகம் படித்தவன் என்பதால் குழுவின் பொதுப் பணம் என்னிடம் இருந்தது. எங்கள் பேஸ் ஒலிபெருக்கியின் பதினைந்து அங்குல ஸ்பீக்கரில் கடதாசிக் கூம்பின் ஓரம் நைந்துபோயிருந்தது. அதைப் புதிதாகப் போடுவதற்கென்று ஒவ்வொரு கல்யாணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கப்பலில் வேலை செய்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெடலைக் கொண்டுவந்தார். ஜப்பானின் பொஸ் நிறுவனத்துத் தயாரிப்பு, ஓசி-2. பழுப்பு நிறம், மூன்று திருகுகள். அவருடைய வீட்டு அறையில் ஒரு சின்ன ஒலிபெருக்கியில் மாட்டி வாசித்துப் பார்த்தேன். என் மெலிந்த சுரங்கள் திடீரென்று கொழுத்துப் பருத்துக் கேட்டன. பாதியில் செத்த சுரம்கூட, கீழே இன்னொரு சுரம் முனகிக்கொண்டிருந்ததால், செத்தது போலத் தெரியவில்லை. அதை நான் வாங்கியதற்குரிய காரணம் அதுதான். மற்றவர்களிடம் வேறு காரணங்கள் சொன்னேன். பணத்தை இரண்டு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்.

"நாலு கம்பிக்கு இப்ப பெட்டியும் வேணுமா?" என்று வாப்பா கேட்டார். அதற்கும் ஏதோ சொன்னேன்.

அடுத்த கல்யாணம் தெமட்டகொடையில் ஒரு மண்டபத்தில். மூன்றாவது பாட்டு பைலா. பெடலை மிதித்தேன். தரை அதிர்ந்தது. கிற்றார்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அடுத்த பாட்டுக்கும் காலை எடுக்கவில்லை. அந்தப் பாட்டின் நடுவில் துணி கிழிபடுவது போல ஒரு சத்தம். பிறகு கொஞ்ச நேரம் தகரம் படபடப்பது போல ஒன்று. பிறகு ஒன்றுமேயில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தேன். பேஸின் ஆகத் தடித்த ஈ கம்பி திறந்த நிலையில் வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் 20 தடவைக்குச் சற்று மேல். மனிதக் காது கேட்கத் தொடங்கும் எல்லையே ஏறக்குறைய 20தான். அதாவது காதுக்குப் பெரிதாகப் பயனில்லாத ஒரு ஒலியை எழுப்புவதற்காக ஸ்பீக்கரின் கூம்பு மிக நீண்ட தூரம் முன்னும் பின்னுமாகப் போய்வர வேண்டியிருக்கிறது. நல்ல கூம்பே திணறும் இடம் அது. எங்களுடையதோ நைந்த கூம்பு. பெடலில் குற்றம் எதுவுமில்லை. ஸ்பீக்கர் திருத்தச் சேர்த்த பணத்தில் ஸ்பீக்கரைக் கிழிப்பதற்கு ஒரு சாமானை நான்தான் வாங்கியிருந்தேன்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் உயர்த்திய கையோடு கொஞ்ச நேரம் ஆடிப்பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கதிரைகளுக்குத் திரும்பினார்கள். ஏன் ஆட்டம் விட்டுப்போனது என்று அவர்களைக் கேட்டிருந்தால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. நானா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கீபோட்டில் இடது கையால் பேஸையும் வலது கையால் தன் பங்கையும் வாசிக்கத் தொடங்கினார். அன்றிரவு முழுக்க அப்படியே வாசித்தார். நான் சத்தம் வராத கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, விரல்களை அசைத்துக்கொண்டு, மேடையில் நின்றேன். இறங்கிப் போவதற்கும் வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் வானுக்குள் வைத்து உண்மையைச் சொன்னேன். நானா பெட்டியை வாங்கி இருட்டில் தடவிப் பார்த்தார். "நல்ல சாமான் தம்பி. ஆனா இது நிக்கிறதுக்கு ஒரு நிலம் வேணும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுக் கல்யாணங்களுக்கு எனக்குச் சம்பளம் தரவில்லை. மற்றவர்களுக்குக் காரணமும் சொல்லவில்லை. 1993இல் அரசாங்கத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததும் நான் குழுவை விட்டுவிட்டேன். நானா 2011இல் மௌத்தாகும்வரை அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நானும் சொல்லவில்லை. பெடலின் பற்றரியைக் கழற்றிவிட்டு ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு அலுமாரியின் மேல் வைத்தேன்.

*

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பெடல் என்றாலே ஏமாற்று என்று ஒரு கொள்கையை வளர்த்துக்கொண்டேன். கொள்கைக்கு ஆதாரமாக ஜேம்ஸ் ஜேமர்ஸனின் பெயரைச் சொல்வேன். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர். 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பிரெசிஷன் பேஸ், சுட்டுவிரல் ஒன்று, வருடக்கணக்காக மாற்றாத கம்பிகள். பெடல் எதுவும் கிடையாது. 1983இல் அவர் இறந்துபோனார். இன்றைக்கும் பேஸ் கற்கின்றவர்கள் முதலில் அவரைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் இது பாதி உண்மைதான் என்பதை அந்த நித்திரையில்லாத இரவில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பெட்டிகளின் வரலாறே பேஸில்தான், அதுவும் ஒரு பழுதில்தான் தொடங்குகிறது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ரொபின்ஸின் 'டோன்ட் வொரி' என்ற பாட்டின் நடுவில் கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் ஒன்றில் ஒரு துண்டு வாசிக்கிறார். நாஷ்வில் கலையகத்தின் கலவைப் பலகையில் அவருடைய ஒலி போன தடம் பழுதடைந்திருந்தது. ஒலி கரகரத்துப் பிசிறடித்தது. அதை அழிக்காமல் பாட்டில் விட்டுவிட்டார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பழுதை வேண்டியபோது வேண்டிய அளவுக்கு வரவழைப்பதற்கு ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி ஒரு சுற்றை வடிவமைத்தார். கிப்ஸன் நிறுவனம் 1962இல் அதை மெஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் பெட்டியாக விற்பனைக்கு விட்டது.

1965இல் பீற்றில்ஸ் குழுவின் 'திங்க் ஃபோர் யுவர்செல்ஃப்' பாட்டில் போல் மெக்கார்ட்னி பேஸைக் கரகரக்க வைத்தார். அந்தப் பாட்டைக் கவனமாகக் கேட்டால் கரகரக்கும் பேஸோடு இன்னொரு சாதாரண பேஸும் கூடவே போவது தெரியும். இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒலியைக் கரகரக்க வைப்பது என்றால் அதன் அலையின் தலையை வெட்டுவது. வெட்டினால் மேற்சுரங்கள் பெருகும். அடி ஒப்பீட்டளவில் மெலியும். பேஸில் அடி போனால் எல்லாம் போயிற்று. அதனால்தான் பேஸுக்கென்று செய்யப்படும் நல்ல பெடல்களில் கெடாத மூல ஒலியையும் கெட்ட ஒலியையும் விகிதம் பார்த்துக் கலப்பதற்கு ஒரு தனித் திருகு இருக்கும். பேஸுக்கு ஒரு பெடல் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்தத் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

ஒக்டேவ் பெடலின் கதையும் அப்படித்தான். ஓசி-2 1982இல் வந்தது. அதற்குள்ளே நடப்பது ஒரு எளிய கணக்கு. கம்பியின் இரண்டு அதிர்வுக்கு ஒரு அதிர்வு என்று எண்ணி, ஒரு ஸ்தாயி கீழே உள்ள சுரத்தை உண்டாக்குகிறது. நாலுக்கு ஒன்று என்று எண்ணினால் இரண்டு ஸ்தாயி கீழே. எண்ணுவதற்கு ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் இருக்க வேண்டும். இரண்டு கம்பியைச் சேர்த்து வாசித்தால் எண்ணிக்கை குழம்பி, பெடல் திக்கத் தொடங்கும். இந்தக் குறைபாட்டுக்குள் நின்றுகொண்டே பினோ பலடினோ 1983இல் போல் யங்கின் 'வெரெவர் ஐ லே மை ஹற்' பாட்டில் வாசித்ததைக் கேட்டால், பெடல் ஒரு மறைப்பு என்ற என்னுடைய கொள்கை அப்படியே விழுந்துவிடும். பேஸ் அங்கே பாடகனுக்குச் சமமாக நின்று பாடுகிறது. அந்தக் கை பெடலில்லாமலே பாடக்கூடிய கை.

ஓசி-2 2003ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஓசி-3 வந்தது. மருமகன் படத்தில் காட்டிய ஓசி-5 2020இல் வந்தது. இலக்கமுறைக் கணிப்பில் இயங்குவதால் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து வாசித்தாலும் தாங்கிக்கொள்ளும். மேல் ஸ்தாயியையும் தரும். ஆனால் அதில் இன்னொரு நிலைமாற்றியும் இருக்கிறது. அதைத் தட்டினால் அது ஓசி-2 போலவே, ஒரு சுரத்துக்கு ஒரு சுரமாக, ஒலிக்கும். பழையதை நிறுத்திவிட்டு, பழையதன் குரலைப் புதியதற்குள் வைத்து விற்கிறார்கள். இதைச் சொல்லி நான் சிரித்தபோது மருமகன் பிறகொரு நாள் சொன்னான்: "சிரிக்காதீங்க மாமா. பழையது ஒங்கட அலுமாரிக்கு மேல ஈக்குது. எங்கட்ட இல்லையே."

*

தங்கச்சி பேசிய பிறகு வந்த சனிக்கிழமை அவனுக்குச் சொல்லாமல் பெந்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஹோட்டலின் வெளித் தாழ்வாரத்தில், விளக்கு எட்டாத ஒரு மேசையில் இருந்துகொண்டு கேட்டேன்.

அவர்கள் முன்பு நாலு பேர். இப்போது மூன்று பேர். கீபோட் வாசித்த பையன் 2022 கடைசியில் தோஹாவுக்குப் போய்விட்டான். அந்த வருடம் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்டில் மின்சாரத்தை நம்பிப் பிழைக்கும் கலைஞன் என்ன செய்வான்? பலர் போனார்கள். அவனும் போனான். அவனுடைய இடத்துக்கு ஆள் எடுத்தால் சம்பளத்தை நாலாகப் பிரிக்க வேண்டும். மூன்றாகப் பிரித்தே போதாமல் இருந்தது.

முதல் நாலைந்து பாட்டுகள் நன்றாகத்தான் போயின. பிறகு எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டொன்றை யாரோ கேட்டார்கள். கீபோட்டின் தடித்த அடியொலியில் நிற்கவேண்டிய பாட்டு. கிற்றார்காரன் தனி வாசிப்புக்குப் போனதும் கீழே ஒரு பள்ளம் விழுந்தது. மருமகன் அதை நிரப்ப முயல்வதை என் காதால் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கை என் கையைப் போன்றதல்ல. ஒவ்வொரு சுரமும் முழுசாகப் பிறந்து முழுசாக முடிந்தது. மறைக்க அவனிடம் ஒன்றுமில்லை. இல்லாமல் போன ஒருவனுடைய இடது கையின் வேலையை அவன் நாலு கம்பியால் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு தெமட்டகொடை மண்டபம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு பேஸ் இல்லாமல் போனபோது கீபோட் அந்த இடத்தில் நின்றது. இன்றைக்கு கீபோட் இல்லை, பேஸ் நிற்கப் பார்க்கிறது. எதற்காக வேண்டும் என்று அவனிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பான்.

இடைவேளையில் என்னைக் கண்டுவிட்டான். குசினிக்குப் போகும் நடைவழியில் இருவரும் நின்றோம். 1989ஆம் ஆண்டின் கதையை அவனுக்கு முழுவதுமாகச் சொன்னேன். பொதுப் பணத்தையும் சொன்னேன். அவன் உம்மாவுக்கும் தெரியாத கதை. கேட்டுக்கொண்டிருந்தவன், "அதுக்கா அன்டைக்கு அப்பிடிச் சென்னீங்க?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன்.

அடுத்த வாரம் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிய 9 வோல்ற் பற்றரி ஒன்றைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் செய்த ஏற்பாடு இதுதான். மூன்று மாதம் பழைய பெட்டியை வைத்து வாசிக்க வேண்டும். எந்தப் பாட்டில் மிதித்தான், எதற்காக மிதித்தான் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அதற்குப் பிறகும் புதியது வேண்டுமென்றால் பாதிப் பணம் நான் தருவேன்.

பணம் சின்ன விடயமல்ல. வெளிநாட்டில் 150 டொலருக்கு மேல் விற்கின்ற ஒரு சாமான். டொலர் 200 ரூபாயாக இருந்த 2021இல் அது 30,000 ரூபாய். 360 ரூபாயைத் தொட்ட 2022 மே மாதத்தில் அதே பெட்டி 54,000 ரூபாய். பெட்டி மாறவில்லை, நாங்கள்தான் சுருங்கிப்போயிருந்தோம். இறக்குமதி வரியும் கூலியும் வேறு. அவனுக்கு அது ஒரு மாத உழைப்புக்கு மேல்.

இன்னும் இரண்டு விதிகளையும் சொல்லிவைத்தேன். தனியாக அறையில் வைத்து முடிவெடுக்கக் கூடாது. தனியே கேட்கும்போது எந்தப் பெடலும் சொர்க்கம். ட்ரம்ஸும் கிற்றாரும் சேர்ந்த பிறகு எது மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. இரண்டாவது, பெடலைப் போட்டாலும் எடுத்தாலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கும்படி திருகை வைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை 'நல்லது' என்று நம்பிவிடும். கப்பல்காரரின் அறையில் என் காது அப்படித்தான் நம்பியது.

*

மூன்று மாதம் முடிந்து கொப்பியோடு வந்தான். இரவொன்றுக்கு நாற்பது பாட்டளவில் வாசிக்கிறார்கள். அதில் ஒக்டேவை மிதித்தது நாலு பாட்டில். அந்த நாலு பாட்டிலும் அது வேலை செய்தது. ஈ கம்பியில் இறங்காமல், ஏ கம்பியின் நடுப்பகுதிக்கு மேலே நின்றுகொண்டால் கீழ்ச் சுரம் தெளிவாக வருகிறது, பள்ளம் நிரம்புகிறது என்று எழுதியிருந்தான். அந்த நாலு பாட்டுக்கும் பழைய பெட்டியே போதும். புதியதன் மேல் ஸ்தாயிக்கும் பல சுரம் தாங்கும் வசதிக்கும் அவனுடைய இரவில் இடம் வரவில்லை.

ஆனால் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் வேறொரு குறிப்பு திரும்பத் திரும்ப வந்தது. ஹோட்டலின் ஒலி பார்க்கும் பையன் சொன்னானாம்: "இந்தப் பெட்டி வந்த நாள் தொட்டு விளக்கு எரியாத பாட்டுகளிலயும் பேஸ் நல்லாக் கேக்குது." மருமகன் முதலில் அதை நம்பவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு வாசித்துப் பார்த்தான். ஒலி மங்கியது. மாட்டினான். தெளிந்தது. பெடலை மிதிக்கவேயில்லை.

இருவருமாக அந்தப் புதிரை அவிழ்த்தோம். இப்போது ஹோட்டல்களில் பேஸுக்கென்று ஒலிபெருக்கி வைப்பதில்லை. கிற்றாரிலிருந்து வயரை நேரே கலவைப் பலகையில் குத்திவிடுகிறார்கள். பழைய வகை பேஸின் காந்தச் சுருளிலிருந்து வருவது மிக மெல்லிய சைகை. பலகையின் வாயில் அதற்கேற்றதாக இல்லாவிட்டால் அது வழியிலேயே நலிந்து, மேற்சுரங்களை இழந்து, நீண்ட வயரில் இரைச்சலையும் சேர்த்துக்கொண்டு போய்ச் சேரும். ஓசி-2 போன்ற பெடல்களுக்குள்ளே ஒரு சின்னத் தாங்கிச் சுற்று இருக்கிறது. பெடல் அணைந்திருந்தாலும் அது இயங்கும். அதுதான் நலிந்த சைகைக்குக் கைகொடுத்திருக்கிறது. நான் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த பெட்டி, விளக்கு எரியாமல் இருந்தபடியே முப்பத்தாறு பாட்டுகளுக்கு வேலை செய்திருக்கிறது.

ஆகவே அவனுக்கு இரவு முழுக்கத் தேவைப்பட்டது ஒக்டேவ் அல்ல. கிற்றாரின் சைகையைத் தாங்கி, ஒலிபெருக்கியொன்றின் உடம்பைக் கொடுத்து, இரைச்சல் ஏறாத சமநிலைக் கம்பியில் பலகைக்கு அனுப்பும் ஒரு முன்பெருக்கிப் பெட்டி. இதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல. நியூயோர்க்கின் ரெக் 21 நிறுவனம் 1992இலேயே ஸான்ஸாம்ப் பேஸ் ட்ரைவரை வெளியிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் அந்த வகையில் பெட்டிகள் செய்கின்றன. மருமகன் விலையும் எடையும் பார்த்து அவற்றில் ஒன்றைப் புதிதாகவே வாங்கினான். பழையது கிடைக்குமா என்றும் தேடினோம். கொழும்பில் விற்க வந்த ஒன்றிரண்டின் விலை புதியதன் விலைக்குக் கிட்ட நின்றது. சொன்னபடி பாதியை நான் கொடுத்தேன்.

புதிய பெடல்கள் வாங்கத் தகுமா என்ற கேள்விக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறதென்றால் அது இவ்வளவுதான். பெட்டியின் பெயரைச் சொல்லாமல் அது செய்ய வேண்டிய வேலையைச் சொல்ல முடிந்தால், அந்த வேலை ஒவ்வொரு இரவும் வருவதாக இருந்தால், வாங்கலாம். புதியது, பழையது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வேலையைச் சொல்ல முடியாவிட்டால் ஒரு பழையதை இரவல் வாங்கி மூன்று மாதம் வாசித்துப் பார்க்க வேண்டும். எது இல்லை என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு நான் "வேணாம்" என்றது பிழை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "வாங்கு" என்று சொல்லியிருந்தாலும் பிழையாகத்தான் போயிருக்கும்.

புதிய பெட்டியோடு முதல்முறை வாசித்த இரவும் நான் போயிருந்தேன். சுற்றுலாப் பயணிகள் கொஞ்சப் பேரும், ஒரு கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த நம்மவர்களும். பைலா தொடங்கியதும் எழுந்தார்கள். யாரும் மருமகனைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாடகனைத்தான் பார்த்தார்கள். கடைசிப் பாட்டுவரை ஒருவரும் உட்காரவில்லை.

சாமான்களைக் கட்டும்போது அவன் பழைய பெட்டியைத் துடைத்து, பற்றரியைக் கழற்றாமலே பைக்குள் வைத்துக்கொண்டான். நாலு பாட்டுக்கு அது இன்னும் வேண்டுமாம். பிறகு விளையாட்டாகக் கேட்டான்:

"இதுக்கு நான் எவ்வளவு தரணும் மாமா?"

"அதுட விலை எட்டுக் கல்யாணம்" என்றேன். "அது எப்பவோ குடுத்து முடிஞ்சிட்டு."